அத்தையின் பன்னீர் ரோஜாவில் கத்தரி வைத்தேன்

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஏழு பன்னீர் ரோஜாச் செடிகள் உண்டு. அத்தை கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வேலியோரமாகக் குச்சி குச்சியாக ஊன்றியவை. புனலூருக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அத்தை என்றால் என் மாமியார். அவர் பிறந்தபோது இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செடிகளில் ஒன்றிரண்டு என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தவை.

முட்டிவலியால் அத்தை நாலு வருஷம் எங்களோடு கோயம்புத்தூரில் இருந்தார். 2022-இல் எல்லோருமாகத் திரும்பி வந்து புறவாசல் கதவைத் திறந்தால், செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டிப் போயிருந்தன. உள்ளே கை நுழையாது. அடியில் முழுக்கக் காய்ந்த முள். உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை, எட்டாத உயரத்தில் பத்துப் பதினைந்து பூ, அவையும் கோலிக்குண்டு அளவில். வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அத்தை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எரு வச்சுத் தண்ணி ஊத்து, தன்னால தெளிஞ்சிரும். கத்தரிய மட்டும் வச்சிராதளா, பட்டுப் போவும்" என்றார்.

நானோ அந்த ஐப்பசியிலேயே, அவர் தூங்கும் நேரத்தில், ஓரத்துச் செடியில் நாலு கிளையை வெட்டிவிட்டேன். ரோஜாவுக்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்யலாம் என்று வேளாண் பல்கலைக்கழகக் குறிப்பில் படித்திருந்தேன். குறிப்பில் தவறில்லை. ஆனால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வெட்டுவாய் ஈரம் காயவே இல்லை. நுனி கறுத்து, அந்தக் கறுப்பு நாளுக்கு நாள் கீழே இறங்கியது. நுனிக்கருகல் என்பார்கள். தடித்த கிளை ஒன்று தூர் வரைக்கும் போய்விட்டது. அத்தை பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருஷம் முழுக்க அவர் சொன்னபடியே செய்தேன். எரு வைத்தேன், கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன். செடி இன்னும் ஓரடி மேலே போனது. பூ கூடவில்லை. பிறகு ஆனி, ஆடிச் சாரல் வந்ததும் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டியது. இலை ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். எங்களுக்குச் சாரல் நாளெல்லாம் விழும். அதே சமயம் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றும் நாளெல்லாம் அடிக்கும். சாரல் விட்ட இடைவெளியில் அந்தக் காற்று இலையைத் துவட்டிவிட வேண்டும். எங்கள் செடியில் நுழைய அதற்கு வழியே இல்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் வெட்டுவதற்கு எனக்குத் துணிச்சல் வந்தது. உயரத்தைக் குறைப்பது இரண்டாவது வேலை. நடுவைத் திறந்து, செடியைக் கிண்ணம் மாதிரி ஆக்கிக் காற்றை உள்ளே விடுவதுதான் முதல் வேலை.

மழை முழுசாக விடட்டும் என்று காத்திருந்து, 2024 ஜனவரி முதல் வாரத்தில், மார்கழி மூன்றாம் வாரம், ஆரம்பித்தேன். இந்த முறை அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். குறி போடாமல் துணியில் கத்தரி வைத்துப் பழக்கமில்லை. செடிக்கும் அப்படியே, தையல் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு தூரில் பத்துப் பன்னிரண்டு தடித்த கிளைகள் இருந்தன. சாம்பல் நிறத்தில் பட்டை வெடித்தவை கிழம். பச்சையாகவோ செம்மையாகவோ வழுவழுப்பாக இருப்பவை இளசு. கிழத்தில் நாலை மட்டும் தரையோடு எடுப்பது, மற்றதைப் பாதி உயரத்துக்குக் குறைப்பது, அடுத்த வருஷம் இன்னொரு நாலு என்று கணக்கு வைத்தேன். இப்படி மூன்று வருஷத்தில் செடி முழுக்கப் புதுக் கிளையாகிவிடும். இலை மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் வேரில் சேர்த்து வைத்ததை மட்டும் நம்பித்தான் துளிர்க்க வேண்டும். வயதான செடியிடம் அவ்வளவு கேட்க எனக்கு மனசு வரவில்லை.

காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, இவற்றை முதலில் எடுத்துவிட்டேன். அதிலேயே செடி பாதியாகிவிட்டது. தடித்ததுக்குக் கைரம்பம், மற்றதுக்குக் கவாத்துக் கத்தரி. கத்தரி மழுங்கியிருந்தால் தண்டை நசுக்கிவிடும். நசுங்கின இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். அதனால் சாணை பிடித்து வாங்கினேன். ஒரு செடி முடித்து அடுத்ததைத் தொடும் முன் ஸ்பிரிட்டில் துடைத்தேன்.

வெட்டிய வாயைக் குனிந்து பாருங்கள். தண்டுக்கு நடுவே சோறு மாதிரி ஒரு வட்டம் தெரியும். அது பால்வெள்ளையாக இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் அங்கே செத்துவிட்டது. இன்னும் இரண்டு விரல் கீழே வெட்ட வேண்டும். ஒரு கிளையில் நான் ஐந்து முறை இறங்கினேன். மேலே பட்டை பச்சையாகத்தான் இருந்தது, உள்ளே காப்பிப்பொடி நிறம். ஐந்தாவது வெட்டில்தான் வெள்ளை வந்தது, ஓரத்தில் லேசாக ஈரம் கசிந்தது. அந்தத் துண்டை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது சோத்துக் கெள, இத வையி" என்றார்.

வெளிப்பக்கம் பார்த்த துளிர்மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வடிகிற மாதிரிச் சாய்வாக வெட்டினேன். மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக் கிளை போகும். வெளியே பார்த்த மொட்டை வைத்தால்தான் கிண்ணம் திறக்கும்.

அழுகல் பிடிக்காமல் வெட்டுவாய்க்குப் பூசும் போர்டோ பசையைச் சொல்லிக்கொடுத்தது ஆரியங்காவு பக்கம் கமுகு ஏறும் ஓர் அண்ணாச்சி. கமுகுக்குக் காய் அழுகி உதிரும் மகாளி நோய் வராமல் இருக்க மழைக்கு முன்னால் அடிக்கும் அதே மருந்துதான், தண்ணீர் மட்டும் குறைவு. மயில்துத்தத்துக்கு, அதாவது காப்பர் சல்பேட்டுக்கு, தமிழில் துருசு, மலையாளத்தில் துரிசு என்பதால் எங்களுக்குள் குழப்பமே வரவில்லை. 100 கிராம் துருசை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு துரு இல்லாத இரும்புக் கத்தி ஒன்றை அதில் ஒரு நிமிஷம் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கணும். எனக்கு முதல் தடவை ஏறியது. இரண்டு ஸ்பூன் சேர்த்த பின் கத்தி பளிச்சென்று வந்தது. கலக்கிய அன்றே பூசிவிட வேண்டும், வைத்துப் பூசினால் பலன் இல்லை.

அப்புறம் செடிக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரம், ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. அவ்வளவுதான்.

எட்டாவதாக ஒரு செடி இருக்கிறது. நாத்தனார் பதினைந்து வருஷத்துக்கு முன் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ரோஜா, ஒட்டுச்செடி. அதுதான் எல்லாவற்றையும்விடச் செழிப்பு. சாட்டை சாட்டையாகக் கிளை, பொடிப் பொடியாக இலை, வருஷக்கணக்காக ஒரு பூ இல்லை. இந்த மண் அதற்கு ஆகவில்லை என்று அத்தை நினைத்திருந்தார். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் செதில் இருக்குமே, அதைப் பன்னீர் ரோஜாவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ஓரம் ஒழுங்காக இருந்தது. இதில் சீப்புப் பல் மாதிரிக் கிழிந்து கிழிந்து இருந்தது. ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வைக்கும் மல்டிஃபுளோரா ரோஜாவுக்கு அதுதான் அடையாளம். அடிச்செடி கிளம்பி, மேலே ஒட்டிய சிவப்பை அமுக்கிவிட்டது.

மண்ணைப் பறித்து, ஒட்டுக்கட்டிய இடத்தில் புடைத்திருக்கும் ஒட்டு முண்டு வரை போனேன். காட்டுக்குள் ஒளிந்தது போல, முண்டின் மேல்பக்கம் பென்சில் பருமனில் ஒரே ஒரு செங்கிளை உயிரோடு இருந்தது. அதை விட்டுவிட்டு, முண்டுக்குக் கீழிருந்து வந்த அத்தனையையும் வேரோடு சேரும் இடத்தில் பிடித்துக் கிழித்து எடுத்தேன். தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் ஒன்றுக்கு நாலாக வரும். கிழித்தால் அடி மொட்டும் சேர்ந்து போகும். பன்னீர் ரோஜாவில் இதைச் செய்துவிடாதீர்கள். அது குச்சியில் வேர் விட்டுச் சொந்தக் காலில் நிற்பது. அடியிலிருந்து வருவதெல்லாம் அதன் பிள்ளைதான், அதை நம்பித்தான் கிழக் கிளையை எடுக்கிறோம்.

பத்தாம் நாள் முதல் துளிர் கண்டது, எறும்புத் தலை அளவில், கருஞ்சிவப்பாக. அத்தைதான் முதலில் பார்த்தார். வீட்டுக்குள் இருந்த என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மாசி பாதியில் ஏழு செடியிலும் மொட்டு. அகலமான பூ, இதழ் நெருக்கமாக, இடுப்பு உயரத்தில். ஒரு காலை எண்ணிப் பார்த்தேன், 43. அத்தை உட்கார்ந்தபடியே பறித்தார். ஊட்டிச் சிவப்பு சித்திரையில் இரண்டே இரண்டு பூ விட்டது. நாத்தனாருக்கு வீடியோ காலில் காட்டினோம்.

இந்த வருஷச் சாரலிலும் கரும்புள்ளி வந்தது, ஆனால் கீழ் இலையோடு நின்றுவிட்டது. வெட்டிய குச்சிகளில் பென்சில் பருமனாக இருபதை அத்தை பொறுக்கி மணலில் ஊன்றியிருந்தார். 13 வேர் பிடித்திருக்கின்றன. இரண்டு எதிர் வீட்டுக்கு என்று பேச்சு.

வருகிற ஜனவரியில் இரண்டாம் தவணை. போன வாரம் என் தையல் மிஷின் அடியில் கிடந்த சிவப்புத் துணி நறுக்கை எல்லாம் அத்தை பொறுக்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்கவில்லை. சாயங்காலம் புறவாசலுக்குப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு தூரிலும் நாலு கிழக் கிளையில் முடிச்சுப் போட்டிருந்தது.