இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர்: தற்காப்புரிமை வழக்குக்குத் தயாரான அனுபவம்

சர்வதேசச் சட்ட மூட் கோர்ட் (சட்ட மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்ற) போட்டிகளில் வழக்குத் தொடுத்த நாட்டுக்கும் எதிர்த்தரப்பு நாட்டுக்கும் ஒரே அணிதான் எழுத்து வாதம் தயாரிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கற்பனை வழக்கு. ஆனால் படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஒரு நாட்டின் மின்கட்டமைப்பை மால்வேர் முடக்குகிறது, மருத்துவமனைகளில் உயிர்கள் போகின்றன. அண்டை நாட்டில் முகாமிட்டிருக்கும் ஆயுதக் குழுவின் வேலை என்கிறார்கள். பாதிக்கப்பட்ட நாடு ட்ரோன் அனுப்பி முகாமைத் தகர்க்கிறது. அண்டை நாடு நீதிமன்றம் போகிறது.

முதலில் ஐ.நா. சாசனத்தை எடுத்தோம். 2(4) பிரிவு படைபலத்தைத் தடுக்கிறது. 51-ஆம் பிரிவு, ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆயுதத் தாக்குதல் எது என்று சாசனம் சொல்லவில்லை. அதற்கு, அமெரிக்காமீது நிகரகுவா தொடுத்த வழக்கின் 1986 தீர்ப்புக்குத்தான் போக வேண்டும்.

அந்தத் தீர்ப்போடுதான் அதிக நேரம் செலவிட்டேன். படைபலப் பிரயோகம் எல்லாமே ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது, மிகக் கடுமையானவை மட்டுமே ஆகும் என்றது சர்வதேச நீதிமன்றம். ஆயுதக் கும்பலை ஒரு நாடே பெரிய அளவில் அனுப்பினால் அது ஆயுதத் தாக்குதல். கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் தளவாடமும் மட்டும் கொடுத்தால் அது சட்டவிரோதம்தான், ஆனாலும் ஆயுதத் தாக்குதல் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ட்ரோன் அனுப்பிய நாட்டுக்காக எழுதியபோது அந்த இடைவெளி மேல் கோபம் வந்தது. கோட்டுக்குக் கீழேயே நின்று அடித்துக்கொண்டிருந்தால் வாங்குகிறவன் என்ன செய்வான்? அண்டை நாட்டுக்காக எழுத உட்கார்ந்தபோது அதே இடைவெளிதான் எங்களுக்குக் காவல். எல்லையில் நடக்கும் ஒவ்வொரு மோதலும் போருக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிட்டால் முதலில் அழிவது பலமில்லாத நாடுதான். இரண்டு வாதங்களையும் முடித்தபின் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் நான் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

சைபர் பகுதி நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சைபர் தாக்குதலுக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பேசும் டாலின் கையேடு (2013, விரிவாக்கப்பட்ட பதிப்பு 2017) விளைவின் அளவைப் பார்க்கச் சொல்கிறது. அது நிபுணர்களின் கருத்துதான், ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் உயிர்ச்சேதம் இருந்ததால் ட்ரோன் நாட்டுக்கு வாதம் கிடைத்தது. 2007-இல் எஸ்டோனியாவின் வங்கி, அரசு இணையதளங்கள் முடங்கியபோது நேட்டோவின் கூட்டுத் தற்காப்புப் பிரிவு பயன்படுத்தப்படவில்லை என்பதை மறுதரப்புக்கு வைத்துக்கொண்டோம்.

தூக்கம் போனது, யார் செய்தது என்பதை நிறுவுவதில். சர்வர் ஒரு நாட்டில் இருப்பதால் மட்டும் அந்த நாடு பொறுப்பாகிவிடாது. நிகரகுவா வழக்கு 'திறன்மிகு கட்டுப்பாடு' கேட்டது, அதாவது அந்தக் குறிப்பிட்ட செயலையே அரசு இயக்கியிருக்க வேண்டும். 1999-இல் யூகோஸ்லாவியா போர்க்குற்றத் தீர்ப்பாயம், குழுவின்மீது அரசுக்குப் பொதுவான பிடி இருந்தாலே, அதாவது 'ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு' இருந்தாலே போதும் என்றது. 2007-இல் போஸ்னியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் பழைய அளவுகோலையே உறுதிசெய்தது. ஈரானின் எண்ணெய் மேடைகளை அமெரிக்கா தாக்கியது பற்றிய எண்ணெய் மேடைகள் வழக்கும் (2003) முக்கியம். அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கிய கண்ணிவெடியை ஈரான்தான் வைத்தது என்பதற்குச் சான்று வலுவாக இருந்தும், முடிவானதல்ல என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. நிரூபிக்க வேண்டியது படைபலம் பயன்படுத்திய நாடுதான்.

அப்படியானால் அரசின் தொடர்பே இல்லாத குழுவை என்ன செய்வது? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அதே மாதம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1368, 1373 தீர்மானங்கள் தற்காப்புரிமையை நினைவூட்டின. ஆனால் 2004-இல், பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் கட்டிய சுவர் குறித்த ஆலோசனைக் கருத்தில், ஒரு நாடு இன்னொரு நாட்டின்மீது நடத்தும் தாக்குதலுக்கே 51-ஆம் பிரிவு என்பதுபோல நீதிமன்றம் பேசியது. 2005-இல் காங்கோ–உகாண்டா வழக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டது. குழுவைத் தடுக்க அண்டை நாட்டுக்கு 'விருப்பமோ திறனோ இல்லை' என்றால் நுழையலாம் என்ற வாதத்தைச் சிரியா விஷயத்தில் 2014-இல் அமெரிக்கா பாதுகாப்பு கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். அதை நிலைபெற்ற சட்டம் என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. வளர்ந்துவரும் நடைமுறை என்று மட்டுமே எழுதினோம். தன் மண்ணைப் பிற நாட்டுக்கு எதிராகப் பயன்படுத்தத் தெரிந்தே விடக்கூடாது என்ற கோர்பு கால்வாய்த் தீர்ப்பு (1949) அதைவிட உறுதியான தளம்.

வாய்மொழிச் சுற்றில் ட்ரோன் நாட்டுக்காக நின்றேன். கோட்பாடுகளைப் பற்றி நீதிபதி ஒன்றும் கேட்கவில்லை. “பாதுகாப்பு கவுன்சிலுக்கு உடனே தெரிவித்தீர்களா, ஆலோசகரே?” என்றார். தற்காப்பில் இறங்கினால் அப்படித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 51-ஆம் பிரிவு. வழக்குக் கோப்பில் கடிதம் தாமதமாகத்தான் போயிருந்தது. தெரிவிக்காததால் மட்டும் உரிமை பறிபோகாது, தற்காப்பு என்று அந்த நாடே நம்பியதா என்பதற்கு அது ஒரு அறிகுறி என்றே நிகரகுவா தீர்ப்பு பார்க்கிறது என்று சொன்னேன். நீதிபதி விடவில்லை. “தாக்குதல் முடிந்தபின் அடித்தால் அது தற்காப்பா, பழிவாங்கலா?” அடுத்த தாக்குதலுக்கான தயாரிப்பு முகாமில் நடந்துகொண்டிருந்தது என்று கோப்பில் இருந்த பத்தியைப் படித்துக் காட்டினேன். அந்தப் பத்தியின் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டார். எனக்கிருந்த நேரம் முழுவதும் அதிலேயே போனது.

இந்தத் தலைப்பில் தயாராகிறவர்கள் கட்டுரைகளுக்குப் போகும் முன் நாடுகள் பாதுகாப்பு கவுன்சிலுக்கு அனுப்பிய 51-ஆம் பிரிவுக் கடிதங்களை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான். எந்தச் சான்றைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நீதிபதியின் கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.