வீட்டு முகவரியில் தொடங்கும் விசா நீட்டிப்பு: சென்னையில் என் அனுபவம்

நான் மலேசியக் குடிமகள். ஈப்போவில் பிறந்து வளர்ந்து, சென்னையைச் சேர்ந்தவரை மணந்து, இப்போது ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். இந்தியக் குடிமக்களின் கணவருக்கோ மனைவிக்கோ வழங்கப்படும் எக்ஸ் வகை நுழைவு விசாவில் வந்தேன். சென்ற ஆண்டு அதை நீட்டிக்க வேண்டிய காலம் நெருங்கியபோது, மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்த ஊருக்கு மருமகள்களாக வந்த சில பெண்களிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லோர் பேச்சிலும் பயம் மட்டும் பொதுவாக இருந்தது. அவ்வளவு பயப்பட இதில் ஒன்றுமில்லை என்றும், கவனம் வைக்க வேண்டிய இடம் வேறு என்றும் இப்போது தெரிந்துகொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

'நம்ம பொண்ணுதானே, உனக்கு எதுக்கு விசா?' என்று உறவினர்கள் கேட்பார்கள். 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது இந்தியக் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், 2015 முதல் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய என் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்பதற்குக் குடும்பத்தில் வாய்மொழியைத் தவிர ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தோட்டங்களுக்குப் போன ஆயிரமாயிரம் குடும்பங்களின் நிலை இதுதான்; இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. திருமணத்தின் வழியாக அந்த அட்டையைப் பெறுவதென்றால், பதிவு செய்யப்பட்ட திருமணம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அதுவரை விசாதான்.

நீண்டகால விசாவில் வருபவர் 180 நாள்களுக்கு மேல் தங்குவதாக இருந்தால், வந்த 14 நாள்களுக்குள் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில், பதிந்துகொள்ள வேண்டும் என்பதால் அந்த வேலையை முதல் மாதத்திலேயே முடித்திருந்தோம். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. முன்பு இதற்காக நேரில் போய்க் காத்திருந்தவர்கள் உண்டு. 2018இல் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையச் சேவை வந்தபின், நீட்டிப்பு விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போடலாம். அழைத்தால் மட்டும் நேரில் போனால் போதும். என்னை அழைக்கவில்லை.

விண்ணப்பத்தில் கேட்கப்படும் ஆவணங்களில் கடவுச்சீட்டும் விசாவும் திருமணச் சான்றிதழும் கணவரின் அடையாள ஆவணங்களும் கையில் இருப்பவை. உழைப்பைக் கேட்பது குடியிருப்புச் சான்றுதான். சென்னையில் பெரும்பாலான வாடகை வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிற்கும் பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்று முத்திரைத்தாளில், என் கணவர் பெயரில் மட்டும் இருந்தது. என் பெயரையும் சேர்த்துப் புதிய ஒப்பந்தம் போட்டு, 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "போலீஸ் வீட்டுக்கு வருவாங்களாம்மா? அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். தனியாக வாழும் வயதானவர்; அவர் கேட்டதில் தவறில்லை. நானும் கணவரும் ஒரு மாலை அவருடன் உட்கார்ந்து, வெளிநாட்டவரைக் குடிவைப்பவர் 24 மணி நேரத்திற்குள் அனுப்ப வேண்டிய, அப்போது சி-படிவம் எனப்பட்ட படிவத்தை நான் வந்தபோதே அவர் பெயரில் அனுப்பியதை நினைவூட்டி, சட்டப்படி அவர் செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்துவிட்டார், இனி வேண்டியது ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துதான் என்று விளக்கினோம். காபி ஆறுவதற்குள் சம்மதித்துவிட்டார்.

அதன்பிறகுதான் முகவரிச் சிக்கல் தலைகாட்டியது. இந்த நகரத்தில் வீட்டிற்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கணவரின் ஆதாரில் பழைய எண். சொத்துவரி ரசீதில் புதிய எண். மின்கட்டண ரசீதோ வீட்டுக்கார அம்மாவின் காலமான கணவர் பெயரிலேயே இன்னும் வந்துகொண்டிருந்தது. அருகில் இருக்கும் நமக்கு இவையெல்லாம் ஒரே வீடு. திரையில் ஆவணங்களைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு வீடுகள், இரண்டு உரிமையாளர்கள். ஆகவே புதிய ஒப்பந்தத்தில் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதச் சொன்னோம். வீட்டுக்கார அம்மாவின் பெயரிலுள்ள சொத்துவரி ரசீதையும், இணைப்பு அவருடைய கணவர் பெயரில் இருக்கிறது என்று அவரே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளையும் மின்கட்டண ரசீதுடன் சேர்த்து ஒரே கோப்பாக்கி ஏற்றினோம். முகவரி பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

கேள்வி வந்தது பெயரில். மலேசியத் தமிழ்ப் பெண்களின் கடவுச்சீட்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று இருக்கும்; மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம் அது. இங்கே பதிவாளர் அலுவலகம் வழங்கிய திருமணச் சான்றிதழில் அது இல்லை. இரண்டும் ஒருவரே என்பதற்கு விளக்கம் தருமாறு விண்ணப்பப் பக்கத்தில் குறிப்பு வந்தது. முத்திரைத்தாளில் உறுதிமொழி ஆவணம் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் பெற்று, மலேசியப் பிறப்புச் சான்றிதழின் நகலையும் சேர்த்துப் பதில் அனுப்பியதும் அது தீர்ந்தது. இனித் திருமணப் பதிவுக்குப் போகும் மலேசியப் பெண்கள், கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து சான்றிதழிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

காவல்நிலைய விசாரணைதான் எல்லோரும் அஞ்சுவது. எங்களுக்கு முதலில் தொலைபேசி வந்தது. சொன்ன நேரத்தில் ஒரு தலைமைக் காவலர் சாதாரண உடையில் வந்தார். அசல் கடவுச்சீட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார், திருமணப் புகைப்படங்களைக் கேட்டார், எதிர்வீட்டு அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசினார். கிளம்பும்போது, "அப்பா அம்மா அங்கதானாம்மா? இந்த வெயில் பழகிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவே அவருக்கு மோர் கொடுத்தார்.

இடையில் ஒரு முகவர், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்டார். கணக்கின் கடவுச்சொல்லையும் தன்னிடமே வைத்துக்கொள்வாராம். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். நீங்களும் மறுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அலுவலகம் கேட்கும் விளக்கங்கள் அந்தக் கணக்கிற்கும் மின்னஞ்சலுக்கும்தான் வருகின்றன. அவற்றை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால், நம்மைப் பற்றிய கேள்வி நமக்கே தெரியாமல் போய்விடும். விசா முடியும் தேதியோ யாருக்காகவும் நிற்காது. நான் இரண்டு மாதத்திற்கு முன்பே தொடங்கியதால்தான் பெயர் பற்றிய கேள்விக்குப் பதறாமல் பதில் தர முடிந்தது.

ஆவணங்கள் ஏற்கப்பட்டபின் கட்டணம் செலுத்துமாறு மின்னஞ்சல் வந்தது. இணையத்திலேயே செலுத்தினோம். நீட்டிப்பு ஆணை கடவுச்சீட்டில் முத்திரையாக விழுவதில்லை; மின்னஞ்சலில் கோப்பாக வருகிறது. வந்த உடனே அதிலுள்ள பெயர், கடவுச்சீட்டு எண், முடியும் தேதி மூன்றையும் சரிபாருங்கள். இரண்டு பிரதிகள் அச்செடுத்து ஒன்றைக் கடவுச்சீட்டுடனேயே வைத்திருங்கள், ஏனெனில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இந்த விசாவில் சம்பள வேலைக்குப் போக முடியாது என்பதையும் குடும்பத்தில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

வீடு மாறினாலோ புதிய கடவுச்சீட்டு எடுத்தாலோ அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டிற்கும் தனித்தனி விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள், விசா நீட்டிப்பு கைக்கு வந்தபின் மாறுவது எளிது. நடுவில் மாறினால் முகவரிச் சான்று, வீட்டுக்காரர் அனுப்ப வேண்டிய படிவம், காவல்நிலைய விசாரணை எல்லாவற்றையும் புதிய வீட்டுக்காரரோடு முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்.