35 நிமிடம், நான்கு தந்தி: ஃபிஷ்மன்ஸ் இசையை வாசித்துப் பழகிய ஐந்து மாதங்கள்

இன்று மாலை ஃபிஷ்மன்ஸ் குழுவின் 'லாங் சீசன்' பாட்டோடு, அதன் முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை, 35 நிமிடமும் பாட்டை எங்கும் நிறுத்தாமல் பேஸ் கிதார் வாசித்து முடித்தேன். ஒன்பதாவது நிமிடத்திலும் இருபத்தொன்பதாவது நிமிடத்திலும் விரல் தப்பியது. இரண்டு இடத்திலும் அடுத்த சுற்று வரும்வரை காத்திருந்து மறுபடி சேர்ந்துகொண்டேன். கடந்த நவம்பரில் இதைத் தொடங்கியபோது நான்கு நிமிடப் பாட்டு ஒன்றைக்கூட என்னால் ஒழுங்காக முடிக்க முடியவில்லை என்பதால், இடைப்பட்ட ஐந்து மாதங்களில் நோட்டில் குறித்து வைத்தவற்றைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட விரும்புகிறேன்.

குழுவை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ஃபிஷ்மன்ஸ் 1987இல் டோக்கியோவில் கல்லூரி நண்பர்கள் கூடித் தொடங்கிய குழு. ஷின்ஜி சாட்டோ பாடி, கிதார் வாசித்தார். டிரம்ஸ் கினிச்சி மொட்டேகி. பேஸ் யுசுரு கஷிவாபாரா. 1991இல் வந்த முதல் ஆல்பமான 'சாப்பி, டோன்ட் கிரை'யைத் தயாரித்தவர், ரெகேயிலிருந்து பிறந்த டப் இசைக்கு ஜப்பானில் வழி திறந்த மியூட் பீட் குழுவின் டிரம்பெட் கலைஞர் கசுஃபுமி கொடாமா. அதாவது, இன்று உலகம் முழுவதும் 'ட்ரீம் பாப்' என்ற பெயரில் கொண்டாடப்படும் இந்தக் குழு, ஜமைக்காவின் ரெகே நடையில் காலூன்றித் தொடங்கியது. பின்னர் ஒலிப்பொறியாளர் ஸாக்கின் கைவண்ணமும் வயலின் கலைஞர் ஹோன்ஸியின் வில்லும் சேர, 1996, 1997 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் 'கூச்சூ கேம்ப்', 'லாங் சீசன்', 'உச்சூ நிப்போன் செடகயா' என்ற மூன்று ஆல்பங்கள் வந்தன. டோக்கியோவின் செடகயா வட்டாரத்தின் பெயரால் ரசிகர்கள் இவற்றைச் செடகயா மூன்று என்கிறார்கள். அக்காலத்தில் இவை பெரிதாக விற்பனையாகவில்லை.

எனக்கு இவர்களை அறிமுகப்படுத்தியவர், டோக்கியோவின் நிஷி கசாயில் எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்தில் குடியிருக்கும், என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒரு தம்பி. வேலைக்காக டோக்கியோ வந்து இறங்கிய வாரத்திலேயே அவர் செடகயாவுக்குச் சென்று, ஷிமோகிட்டசாவா நிலையத்தின் வாசலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாராம். "அண்ணா, அந்தக் கடைசிக் கச்சேரிப் பதிவைக் கேட்டால் என்னால் ஒரு தடவைகூட அழாமல் இருக்க முடிந்ததில்லை" என்று அவர் சொன்னபோது அவருடைய குரல் உண்மையிலேயே கம்மியது. அவர் சொன்ன பதிவு, 1998 டிசம்பர் 28ஆம் தேதி டோக்கியோவின் அகசாகா பிளிட்ஸ் அரங்கில் நடந்த கச்சேரியினுடையது. அந்த இரவுக்கு 77 நாட்கள் கழித்து, 1999 மார்ச் 15ஆம் தேதி, சாட்டோ தம் 33ஆவது வயதில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தக் கச்சேரி, 'ஆண்களின் பிரிவு' என்று பொருள்படும் 'ஒட்டோகோதாச்சி நோ வகாரே' என்ற தலைப்பில் ஆல்பமாக வெளிவந்தது. ஜப்பானுக்கு வெளியே உள்ள ரசிகர்களில் பலர் இந்த வாசல் வழியாகவே உள்ளே வருகிறார்கள். முதலில் மரணத்தைக் கேள்விப்பட்டு, பிறகு பாட்டைக் கேட்கிறார்கள்.

நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் வாசிக்கப் பழக எடுத்த பாட்டு வேறு. 1993இல் வந்த 'இகாரெட்டா பேபி' மெதுவான, சிறிய, ரெகே நடைப் பாட்டு என்பதால் அதிலிருந்து தொடங்கினேன். பழைய பேஸ் கிதார் ஒன்றை ஒரு வாரத்துச் சாப்பாட்டுச் செலவுக்கு ஈடான விலையில் வாங்கியிருந்தேன். சுவர் மெல்லியது என்பதால் ஆம்ப்ளிஃபையர் வைக்காமல் ஹெட்போனில்தான் கேட்டுக்கொண்டேன்.

முதல் மூன்று வாரமும் தோல்விதான். சுரங்கள் எளியவை, இரண்டாம் நாளே மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் பதிவோடு சேர்த்து வாசித்தால் ஏதோ பொருந்தாமல், மாவு சரியாகப் புளிக்காத தோசையைப் போல ஒட்டாமல் நின்றது. என் வாசிப்பைப் பதிவுசெய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்ட பிறகே குறை விளங்கியது. நான் ஒவ்வொரு சுரத்தையும் அடுத்த சுரம் வரும்வரை ஒலிக்க விட்டுக்கொண்டிருந்தேன். கஷிவாபாரா அப்படிச் செய்வதில்லை. தட்டிய விரலே திரும்பி வந்து தந்தியின்மீது படிந்து ஒலியை நிறுத்துகிறது. அந்த நிறுத்தத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் விழும் சிறு வெற்றிடத்தில்தான் மொட்டேகியின் டிரம்ஸ் ஒலி மூச்சு விடுகிறது. ரெகே நடையின் அடிப்படையே இதுதான் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். 'ஒன் டிராப்' எனப்படும் தாளத்தில் முதல் தட்டை வேண்டுமென்றே காலியாக விட்டு, மூன்றாம் தட்டில் பாரத்தை இறக்குகிறார்கள். தாளத்தைத் தட்டித் தரும் மெட்ரோனோம் கருவியை ஒன்று, மூன்றில் ஒலிக்கவிடாமல் இரண்டு, நான்கில் மட்டும் ஒலிக்கச் செய்து, சுரத்தை எடுப்பதைவிட நிறுத்துவதற்கே முழுக் கவனத்தையும் கொடுத்துப் பயின்றேன். டிசம்பர் நடுவில் ஓர் இரவு, திடீரென்று கை தானாகவே பொருந்தியது. பாட்டு என்னைச் சுமந்துகொண்டு போவது போலிருந்தது.

இதை மேல்தளத்துத் தம்பியிடம் சொன்னபோது அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவருக்கு இந்த இசை பனிமூட்டம். அதற்குள் ஒரு தச்சன் உளியோடு உட்கார்ந்திருக்கிறான் என்று நான் சொன்னது ஏதோ கோயிலின் திரையை விலக்கிக் காட்டியது போல அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் மனத்தில் அந்த மூட்டம் இன்னும் அடர்த்தியானது. சாட்டோவின் மெல்லிய, உச்சஸ்தாயியில் மிதக்கும் குரலும், எதிரொலித்துக் கரையும் கிதாரும் அப்படி மிதக்க முடிவதற்குக் காரணம், கீழே பேஸும் டிரம்ஸும் வாசிக்கும் இருவர் சற்றும் தளராமல் விழித்திருப்பதுதான். இதை வாதமாகச் சொன்னால் எவரும் ஒப்புக்கொள்வார்கள். விரல் நுனி கொப்புளித்துப் பழுத்த பிறகு அறிவது வேறு.

டிசம்பரில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில், தொண்ணூறுகளில் இவர்களுடைய கச்சேரிகளை நேரில் பார்த்த அந்தக் கடைக்காரரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டிய அவர், வெளிநாட்டவர்கள் வந்து கடைசிக் கச்சேரியின் ஆல்பத்தை மட்டுமே கேட்கிறார்கள் என்பதை வருத்தமாகவும் வியப்பாகவும் சொன்னார். அவருக்கு ஃபிஷ்மன்ஸ் என்றால் கோடைக்காலம், வியர்வை, நண்பர்களோடு ஆடிய ஆட்டம். யாரும் அழவில்லை, எல்லோரும் ஆடினோம் என்று கூறிவிட்டு, தோள்களை மட்டும் லேசாக அசைத்து அந்த ஆட்டத்தைக் காட்டினார். நான் பேஸ் பழகுகிறேன் என்றதும் அவருடைய முகம் மாறியது. அந்த ஆல்பத்தின் தலைப்பில் உள்ள பிரிவு யாருடையது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அது கஷிவாபாராவின் பிரிவு. குழுவிலிருந்து அவர் விலகப்போகிறார் என்பதால்தான் அந்த டிசம்பர் மாதச் சுற்றுப்பயணத்துக்கே அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அந்த இரவில் மேடையிலிருந்த எவருக்கும், அரங்கில் நின்ற எவருக்கும், சாட்டோவின் மரணம் தெரியாது. அவர்கள் வழியனுப்பிக்கொண்டிருந்தது தங்கள் பேஸ் கலைஞரை. இத்தனை நாள் ஒவ்வொரு சுரமாக நான் பின்தொடர்ந்து வந்த அதே மனிதரை.

டிசம்பர் 28ஆம் தேதி வேலை முடிந்ததும் அகசாகாவுக்குப் போனேன். அரங்கம் இப்போது இல்லை. 1996இல் திறந்து, 2003இல் மூடி, 2008இல் புதிதாகக் கட்டி, 2020இல் மறுபடியும் மூடிவிட்டார்கள். அலுவலகம் விட்டு வருகிறவர்களின் கூட்டத்துக்கு நடுவே, ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டு நடந்தேன். குழுவினரைச் சபைக்கு அறிமுகப்படுத்தும் தொடக்கப் பகுதியில் இருக்கும் உற்சாகம் அன்று முதல் முறையாக எனக்கு உற்சாகமாகவே கேட்டது. அதுவரை அதைத் துயரத்தின் முன்னுரையாகக் கேட்டுப் பழகியிருந்தேன். அது நான் கொண்டுபோய்ப் பூசிய துயரம்.

ஜனவரியில் 'லாங் சீசனை' எடுத்தேன். 1996 அக்டோபரில் வந்த இந்த ஆல்பத்தில் இருப்பது ஒரே பாட்டு. ஐந்து பகுதிகளாகக் குறிக்கப்பட்டிருந்தாலும் அது இடைவெளியின்றி ஓடுகிறது. 'சீசன்' என்ற தனிப்பாட்டை விரித்து விரித்து இந்த அளவுக்கு வளர்த்திருக்கிறார்கள். இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான் இதன் அடிப்படைச் சுற்று. அதிலேயே அரை மணி நேரம் நிற்பதுதான் கடினம். மனம் ஐந்தாவது நிமிடத்தில் அலையத் தொடங்கும், பத்தாவது நிமிடத்தில் எதையாவது கூட்டிச் செய்யத் துடிக்கும், அப்படிக் கூட்டிய கணத்திலேயே பாட்டு கையிலிருந்து நழுவிவிடும். ராகத்தைச் சிறிது சிறிதாக விரித்துப் பாடும்போது பின்னால் தம்புரா மீட்டுபவர் என்ன செய்கிறார் என்பதை என் பாட்டி ஒரு முறை எனக்குச் சொல்லியிருக்கிறார்: "அவள் தூங்கவும் கூடாது, முந்தவும் கூடாது." பிப்ரவரி முழுவதும் அந்தச் சொல்லை நோட்டின் மேல்பகுதியில் எழுதி வைத்துக்கொண்டு பயின்றேன்.

நடுப்பகுதிதான் என்னை அதிகம் சோதித்தது. அங்கே மெட்டு கலைந்து, தாளக்கருவிகளின் ஒலியும் தண்ணீர் சொட்டுவது போன்ற ஓசைகளும் மட்டும் நெடுநேரம் அலைகின்றன. வாசிக்க எதுவும் இல்லாமல் கிதாரை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பிச் சேரும்போது ஒவ்வொரு முறையும் வேகம் தவறியது. பின்னர் இடது கையைத் தந்தியின்மீது வைத்தபடியே உட்கார்ந்து, காலால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் கேட்கத் தொடங்கினேன். மார்ச் முதல் வாரத்தில், திரும்பி வரும் இடம் முன்னதாகவே உடலுக்குத் தெரிந்தது.

மார்ச் 15 அன்று அந்தத் தம்பியையும், கடைக்காரர் வழியாக அறிமுகமான இன்னொரு பழைய ரசிகரையும் வீட்டுக்கு அழைத்திருந்தேன். மூவரும் பேசாமல் கச்சேரிப் பதிவின் இறுதிப் பாட்டான 'லாங் சீசனை' நாற்பது நிமிடத்துக்கும் மேலாகக் கேட்டோம். தம்பி வழக்கம்போல் அழுதார். பெரியவர் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. முடிந்தபின், சாட்டோ இருந்திருந்தால் அடுத்து என்ன செய்திருப்பார் என்று தம்பி கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை. பதிலாக, 2005க்குப் பிறகு மொட்டேகி பல பாடகர்களை அழைத்து இந்தப் பெயரிலேயே மேடையேறி வருவதையும், சாட்டோவின் வரிகளைச் சில நேரம் அவரே டிரம்ஸ் வாசித்தபடி பாடுவதையும் விவரித்தார். 2021இல் வெளிவந்த மூன்று மணி நேர ஆவணப்படத்தை மூவரும் சேர்ந்து பார்ப்பதென்று அன்று முடிவு செய்தோம்.

அவர்கள் கேட்டுக்கொண்டதால் அன்று 'இகாரெட்டா பேபி'யை வாசித்தும் காட்டினேன். ஹெட்போன் இல்லாமல், ஆம்ப்ளிஃபையரில், முதல் முறையாக. இரண்டாவது சுற்று வந்ததும் பெரியவர் எழுந்து, கடைக்காரர் எனக்குக் காட்டிய அதே தோளசைவோடு ஆடத் தொடங்கினார். சிறிது நேரம் கழித்துத் தம்பியும் எழுந்தார். கண்ணோரம் இன்னும் ஈரமாக இருக்க, அவரும் ஆடினார். அதைப் பார்த்துக்கொண்டு வாசித்ததில் மூன்றாவது சுற்றில் எனக்குத் தாளம் அரைத் தட்டுப் பிந்தியது. இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி வரும் வாரங்களில் கச்சேரிப் பதிவின் 'லாங் சீசனை' எடுக்கப் போகிறேன். ஆல்பத்திலுள்ளதைவிட நீளமானது, வேகமும் நிலையாக நிற்பதில்லை, மேடையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போகிற போக்கில் ஏறி இறங்குகிறது. அதன் நடுவில் மொட்டேகி தனியாக நெடுநேரம் டிரம்ஸ் வாசிக்கிறார். அது முடிந்து கஷிவாபாரா திரும்பி வந்து சேரும் இடத்தை நேற்று மட்டும் பதினோரு முறை கேட்டுவிட்டேன். எந்தத் தட்டில் சேர்கிறார் என்பதை இன்னும் பிடிக்க முடியவில்லை. நாளை பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.