கழற்ற முடிந்ததை மட்டும் கட்டுகிறேன்

தோட்டத்தில் என் கையால் ஒன்றைக் கட்டி முடிக்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். விதை போட்டால் காத்திருக்க வேண்டும். அது முளைக்கலாம், நத்தை தின்றுவிடலாம், ஒரு பெருமழை அடித்துக்கொண்டும் போகலாம். பலகை அப்படி இல்லை. காலையில் அளந்து அறுத்தால் மாலையில் பாத்தியின் விளிம்பாக நிற்கிறது. ரசமட்டத்தை வைத்துப் பார்க்கும்போது குமிழி சரியாக நடுவில் வந்து நின்றால் மனசு நிறைந்துவிடும். செடிகள் அந்த நிறைவை இவ்வளவு சீக்கிரம் தருவதில்லை.

ஆனால் அதே சாயங்காலம் ஒரு சுற்று சுற்றி வந்தால் உறுத்தலும் வரும். நாற்றுத் தட்டில் மண் வெளுத்திருக்கும். தக்காளியில் பக்கக் கிளைகள் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கும். கட்டுவதற்குத் தோதான பருவமும் நடுவதற்குத் தோதான பருவமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வருகின்றன. மழை ஓய்ந்திருக்க வேண்டும், வெயில் கொளுத்தக் கூடாது, மண்ணில் கால் வைக்க முடிய வேண்டும். இரண்டு வேலையும் கேட்பது அதே சில வாரங்களைத்தான்.

என் அக்கா நல்ல தோட்டக்காரி. அவளுக்குக் கட்டுமானம் என்றாலே ஆகாது. நான் பந்தலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, "நீ இதை முடிக்கறதுக்குள்ள அவரை தரையிலேயே படர்ந்து காய்ச்சிடும்டா. நாலு குச்சியை ஊனிட்டு வேலையைப் பாரு" என்றாள். பக்கத்து வீட்டு அண்ணன் இதற்கு நேர் எதிர். "முதல்ல தளத்தைப் போடு தம்பி. பாதை, சுவர், பந்தல் எல்லாம் நின்னப்புறம் செடி வை. அப்புறம் எதையும் தொட வேண்டியதில்லை" என்பார். இரண்டு பேரிடமும் நான் கற்றிருக்கிறேன். இரண்டு பேரோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

அக்கா பக்கம் நான் சாய்வது மண் விஷயத்தில். கட்டும்போது நம் கண் கட்டுகிற பொருளில் இருக்கிறது, காலடியில் இருப்பதில்லை. ஈரமான மண்ணில் தள்ளுவண்டியை நாலு தடவை ஓட்டினால் போதும், மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி நசுங்கிவிடும். காற்றும் தண்ணீரும் போகிற வழி அதுதான். அது அடைபட்டால் மேலே தண்ணீர் தேங்கும், கீழே வேர் மூச்சுவிட முடியாமல் திணறும். மரத்தடியில் நிழல் இருக்கிறது என்று செங்கல்லையும் மணலையும் அங்கே குவிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மரத்துக்கு உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்தான் இருக்கிறது. கிளைகள் எட்டும் எல்லையையும் தாண்டி அவை பரவியிருக்கும். அங்கே ஏற்றிய பாரத்தின் விளைவு அந்த வருஷமே தெரியாது. சில வருஷம் கழித்து உச்சிக் கிளை காயும்போது, எதனால் என்று யாருக்கும் நினைவிருக்காது.

சிமென்ட் இன்னொரு கவலை. ஈரச் சிமென்ட் கலவையின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் இருக்கும். அது வெறுங்கையைப் புண்ணாக்கும், மண்ணுக்குள் கசிந்தால் மண்ணையும் மாற்றும். எங்கள் தோட்டத்தில் முன்பு இருந்தவர்கள் கட்டிய ஒரு சுவர் இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் இட்லிப்பூச் செடியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும், காரம் ஏறிய மண்ணிலிருந்து அதை அந்தச் செடியால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நாலடி தள்ளி நிற்கும் அதே வகைச் செடி கரும்பச்சையாகப் பூத்துத் தள்ளுகிறது. அதனால் கலவை போட வேண்டி வந்தால் தார்ப்பாயை விரித்து அதன் மேல்தான் போடுவேன். சட்டியும் கரணையும் கழுவிய தண்ணீர் பாத்திப் பக்கமே போகக் கூடாது. நடக்கிற வழியெல்லாம் பழைய பலகைகளைப் போட்டு அதன் மேல்தான் நடப்பேன். நேரம் கூடத்தான் ஆகும், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, அப்படியென்றால் எதற்குத்தான் கட்ட வேண்டும்? என் அம்மாவுக்காகப் பலகை அடைத்து மண் நிரப்பிக் கட்டிய உயரப் பாத்தியைத்தான் முதலில் காட்டுவேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் குந்தி களை எடுக்க முடியாமல் தோட்டத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். இப்போது ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கீரை கிள்ளுகிறார், நாற்று நடுகிறார், நான் செய்வதில் குறை சொல்கிறார். ஒரு கட்டுமானம் ஒருவரைச் செடியிடம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது என்றால் அதற்கு ஆகும் நேரம் எல்லாமே தகும். இதைப் பார்த்த பிறகு அக்காவும் அந்தப் பாத்தியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

உயரப் பாத்தியைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், பலர் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 1,200 லிட்டர். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் டன்னைத் தாண்டுகிறது. அந்தப் பாரம் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். மூலையில் ஆணி அடித்து நிறுத்திய மெல்லிய பலகை முதல் மழைக்காலத்திலேயே நடுவில் வயிறு தள்ளும். நீளப் பக்கத்தில் இடையிடையே தரையில் அறைந்த முளைக்கட்டை வேண்டும், எதிரெதிர்ப் பலகைகளை இணைத்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பியும் வேண்டும். இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய முடிந்தால்கூட அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது, கை நடுவரை எட்ட வேண்டும். அடிப்பக்கத்தை மூடாமல் மண்ணோடு மண்ணாக விட்டால்தான் மண்புழு மேலே வரும், மிச்சத் தண்ணீர் கீழே போகும்.

பலகை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாப்பிடும் செடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலும் மரம் இற்றுப்போகாமல் இருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏறியிருக்கும். அந்த எண்ணெய் ஏற்றிய மரத்தைப் பொதுமக்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2003இலேயே தடுத்தது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றிப் பதப்படுத்திய மரம் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து பெரும்பாலும் விலகியதும் அதே வருஷக் கடைசியில்தான். ஆனால் முன்பு செய்த பலகைகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சரக்கு ஏற்றும் பேலட்டைப் பிரிக்கிறீர்கள் என்றால் அதன் பக்கத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றப்பட்டது என்று பொருள். எம்.பி. (MB) என்றிருந்தால் பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை நான் தொடுவதில்லை. முத்திரையே இல்லாததையும் எடுப்பதில்லை.

இப்போது பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். "அப்புறம் எதையும் தொட வேண்டியதில்லை" என்பதில்தான் எனக்கும் அவருக்கும் பிரிகிறது. தோட்டம் அப்படி நிற்காது. நட்டபோது இடுப்பளவு இருந்த மரம் அஞ்சு வருஷத்தில் பாதித் தோட்டத்துக்கு நிழல் போடும். வெயிலுக்காக ஓர் இடத்தில் அமைத்த காய்கறிப் பாத்தி அப்போது வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஓரமாக நட்ட காகிதப்பூ பந்தல் முழுக்க ஏறி, காற்றை மொத்தமாக வாங்கும். நாம் போட்ட கணக்கு கொடியின் எடையை மட்டும்தான், அதன் மேல் மோதும் காற்றை இல்லை. செடி மாறும்போது கூடவே மாற முடியாத எதுவும் நாளைக்குச் செடியின் வழியில் நிற்கும்.

அதனால் கழற்ற முடிந்ததை மட்டும் கட்டுவது என்று வைத்திருக்கிறேன். ஆணிக்குப் பதில் திருகாணியும் போல்ட்டும். பாதைக்குக் கலவை இல்லை, நன்றாக இறுக்கிய ஜல்லி, அதன் மேல் மணல், அதன் மேல் செங்கல், ஓரத்தில் பிடிமானத்துக்கு ஒரு வரி கல். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் தண்ணீர் வடிந்துவிடும். வேர் ஒரு செங்கல்லைத் தூக்கினால் அதை எடுத்து, மணலைச் சரிசெய்து, திரும்ப வைத்துவிடலாம், வேரை வெட்ட வேண்டியதில்லை. பந்தல் காலையும் மண்ணில் புதைப்பதில்லை. மரக்கால் இற்றுப்போவது மண்மட்டத்தில்தான், அங்கேதான் ஈரமும் காற்றும் சேர்ந்து பூஞ்சைக்கு வசதி செய்கின்றன. கான்கிரீட்டுக்குள் நட்டால் இன்னும் மோசம், மரம் காய்ந்து சுருங்கியதும் சுற்றிலும் வரும் இடுக்கில் தண்ணீர் நிற்கும். துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கியைக் கீழே பொருத்தி, மரத்தைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிறுத்துகிறேன். மரம் போனால் மரத்தை மட்டும் மாற்றலாம்.

இதற்கு விலக்கும் உண்டு. சரிவில் மண்ணைத் தாங்கும் சுவர் அசையவே கூடாது. அதன் பின்னால் சேரும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும், ஆகவே பின்னால் ஜல்லி நிரப்பி அடியில் வடிதுளை விட வேண்டும். ஒரு மீட்டரை நெருங்கும் சுவர் என்றால் பொறியாளரைக் கேட்காமல் நான் கை வைக்க மாட்டேன். மின்சார வேலையும் அப்படித்தான்.

அடுத்து மனசில் இருப்பது மட்கு உரத்துக்கு மூன்று அறைத் தொட்டி. ஒவ்வொரு அறையும் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. முன்பக்கப் பலகைகள் மேலே உருவி எடுக்கும்படி, மரத்தில் வெட்டிய நீளப் பள்ளத்தில் நிற்கும், கிளறுவது சுலபம். அளவெல்லாம் எழுதி வைத்தாகிவிட்டது, மரமும் வந்து கொட்டகையில் இருக்கிறது. ஆனால் இப்போது தட்டுகளில் கத்தரியும் மிளகாயும் நாலு இலை விட்டு நிற்கின்றன. அவை பாத்திக்குப் போய் வேர் பிடித்த பிறகுதான் ரம்பத்தை எடுக்கப்போகிறேன்.