எதை எதால் வகுக்கிறீர்கள்?

பஸ்களுக்கான அரசுப் பணத்தைத் திறமையாக நடத்துபவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எதை எதால் வகுத்துத் திறமையைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கால அட்டவணை போடும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்ததால் வந்த பழக்கம் இது. மானியச் சூத்திரம் மாறும்போதெல்லாம், மேலிருந்து எங்கள் மேஜைக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும்.

ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் என்றால், நெரிசலே இல்லாத சாலையில் வேகமாகப் போய்வரும் நீளமான தடம் திடீரென்று எல்லோருக்கும் பிடித்துப்போகும். ஏறிய தலைக்கு இவ்வளவு என்றால், நேராகப் போகும் தடத்தை நடுவில் வெட்டி இரண்டாக்கலாமா என்று ஒருவர் கேட்பார். மாறி ஏறுபவர் கணக்கில் இரண்டு பயணி அல்லவா? பயணி-கிலோமீட்டர், அதாவது ஒவ்வொரு பயணியும் போன தூரத்தின் கூட்டல், என்று வைத்தால் தொலைதூரப் புறநகர்த் தடம் ஜெயிக்கும். நகருக்குள் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கும் கூட்டத்துக்கு மதிப்பு போய்விடும். யாரும் பொய்க் கணக்கு எழுதுவதில்லை. எதற்குப் பணமோ அது கூடும், அவ்வளவுதான்.

இருப்பதிலேயே குழப்பமான அளவு 'ஒரு பயணிக்கு ஆகும் செலவு'. பார்க்க எளிமையாக இருப்பதால் எல்லா அறிக்கையிலும் முதல் வரியில் நிற்கும். உள்ளே இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒரு மணி நேரம் பஸ் ஓட்ட என்ன செலவு என்பது ஒன்று. பணிமனை எப்படி நடக்கிறது, பயணி இல்லாத வெற்று ஓட்டம் எவ்வளவு, ஓட்டுநர் பணிமுறையை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது இன்னொன்று. அது பெரும்பாலும் ஊரின் அமைப்பைச் சொல்லும்: வீடுகள் நெருக்கமா, கடையும் வேலையும் தடத்தின்மேல் இருக்கின்றனவா, நடந்துபோய் நிறுத்தத்தை அடைய முடியுமா.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல் நிறுவனத்துக்கு மணிக்கு 100 செலவு, 40 பேர் ஏறுகிறார்கள், தலைக்கு 2.50. இரண்டாவதற்கு மணிக்கு 80 தான் செலவு, ஆனால் ஏறுவது 20 பேர், தலைக்கு 4. பட்டியலில் இரண்டாவது நிறுவனம் அடியில் கிடக்கும். சிக்கனமாக ஓட்டுவது அதுதான் என்பதை அந்தப் பட்டியல் காட்டவே காட்டாது.

கிலோமீட்டருக்கு ஆகும் செலவும் இப்படியே. ஓட்டுநர் சம்பளம் மணிக்கணக்கில் போகிறது. நெரிசலால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 15க்கு இறங்கினால், கிலோமீட்டருக்கு விழும் சம்பளச் செலவு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். சாலையும் சிக்னலும் வேறு துறையின் கையில். கெட்ட மதிப்பெண் மட்டும் பஸ் நிறுவனத்துக்கு.

அமெரிக்காவில் இதையெல்லாம் சட்டமாகவே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் 1971 போக்குவரத்து மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி, மாநில நிதி வேண்டுமென்றால் நகரப் பகுதியில் செலவின் 20 சதவீதமும் கிராமப் பகுதியில் 10 சதவீதமும் கட்டண வசூலாக வர வேண்டும் என்றது. சிகாகோ வட்டாரத்துக்கு இலினாய் மாநிலம் 1983இல் வைத்தது இன்னும் கடுமை: கட்டணமும் மற்ற சொந்த வருமானமும் சேர்த்து, வட்டாரம் மொத்தத்துக்கும் 50 சதவீதம். விகிதம் சரியும்போது கையில் இருக்கும் சுலபமான வழி, இரவு நடையையும் ஞாயிறு நடையையும் வெட்டுவது. 2020இல் பெருந்தொற்று வந்து பஸ்கள் காலியானதும் விகிதத்தைத் தொடாதவர்களுக்கான அபராதத்தைக் கலிஃபோர்னியா நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

நகரங்களுக்குப் போக்குவரத்துப் பணத்தைப் பிரிக்கும் அமெரிக்கக் கூட்டரசின் நகர்ப்புறச் சூத்திரம் எனக்கு இதைவிடச் சுவாரசியமானது. பெரிய நகரங்களுக்கான பஸ் பங்கில் 90.8 சதவீதம் ஓடிய தூரம், மக்கள்தொகை, அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்துப் பிரிகிறது. மீதி 9.2 சதவீதம்தான் ஊக்கப் பங்கு. அதில் பயணி-மைலைப் பயணி-மைலாலேயே பெருக்கி, இயக்கச் செலவால் வகுக்கிறார்கள். அதாவது எவ்வளவு சுமந்தாய் என்பதும், ஒரு டாலருக்கு எவ்வளவு சுமந்தாய் என்பதும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. 2 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்குத் தனி ஏற்பாடு: ஆறு அளவுகள், ஒவ்வொன்றிலும் தங்களைவிடப் பெரிய ஊர்களின் சராசரியைத் தொட்டால் பணம். அந்த ஆறில் ஒன்றில்கூடச் செலவு என்ற எண்ணே கிடையாது! நான்கு அளவுகள் மக்கள்தொகையால் வகுக்கப்படுபவை. ஊருக்குப் போதிய சேவை இருக்கிறதா, ஊர் அதைப் பயன்படுத்துகிறதா என்றுதான் கேட்கின்றன. எனக்கு அது பிடிக்கிறது. ஆனால் சராசரிக்கு மயிரிழையில் குறைந்தாலும் சுழியம் என்பது பிடிக்கவில்லை. எல்லைக்கோட்டருகே இருப்பவர்கள் பயணிகளை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்தே ஓட்டுவார்கள்.

நடைகளைக் குறைத்து மிச்சமிருக்கும் பஸ்ஸை நிரப்பினால் எல்லா விகிதமும் அழகாகிவிடும். நிறுத்தத்தில் நிற்பவரின் அரை மணி நேரம் கணக்கின் எந்தப் பத்தியிலும் ஏறாது. ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் 1972இலேயே இதைச் சொன்னார்: கூட்டம் கூடும்போது அடிக்கடி பஸ் விட முடிகிறது, எல்லோருடைய காத்திருப்பும் குறைகிறது, பொதுப்பணம் கொடுப்பதற்கு அதுவே ஒரு நியாயம். காத்திருப்பு நேரத்தைச் செலவாகச் சேர்க்காத எந்தச் சூத்திரத்தையும் நான் பாதிக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வேன்.

சரி, என்ன செய்யலாம்? ஹூஸ்டன் 2015 ஆகஸ்டில் தன் பஸ் வலையமைப்பை ஒரே நாளில் மாற்றியது. அதற்கு முன்பே ஒரு கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லியிருந்தது: பணத்தில் சுமார் 80 சதவீதம் ஆள் சேரும் தடங்களுக்கு, 20 சதவீதம் ஆள் குறைவானாலும் பஸ் எட்ட வேண்டிய இடங்களுக்கு. அந்த விகிதம் சரியா என்று ஊருக்கு ஊர் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் பிரித்துச் சொன்ன பிறகு அளப்பது நேர்மையாகிவிடுகிறது. முதல் வகைத் தடத்தை மணிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டாம் வகையிடம் அதைக் கேட்காதீர்கள். நடக்கும் தூரத்தில் எத்தனை பேருக்குப் பஸ் கிடைத்தது, சொன்ன நேரத்துக்கு வந்ததா என்று கேளுங்கள். மணிக்கான செலவை இரண்டிடமும் கேட்கலாம், கறாராகவே.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. ஊருக்கு ஊர் ஒப்பிடாமல், அவரவரின் போன வருடத்தோடு ஒப்பிடலாம் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மோசமாக ஆரம்பித்தவருக்கு முன்னேற இடம் நிறைய. ஏற்கெனவே இறுக்கி நடத்துபவருக்கு இனி பிழிய எதுவும் இருக்காது. அவருடைய அடிப்படைப் பணத்தில் கைவைக்காமல், ஊக்கத்தொகையை மட்டும் இந்த ஒப்பீட்டில் கட்டுவதுதான் இப்போதைக்கு எனக்குத் தோன்றும் வழி. அந்தத் தொகையும் சிறியதாகவே இருக்கட்டும். பெரிதாக்கினால் அடுத்த வருடம் அட்டவணை மேஜைக்கு வேறு கேள்விகள் வரும்.