வயிற்றைத் தொடாமல் முதுகு வழியாக ஓர் அறுவை சிகிச்சை

பலதுறை மருந்தகத்தில் எனக்குத் தரும் ரத்த அழுத்த மாத்திரைகள் கூடிக்கொண்டே போயின. உடம்பில் பொட்டாசியம் குறைந்துகொண்டே வந்தது. மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளில் இடப்பக்கத்தில் சிறு கட்டி, உடம்பின் உப்பையும் பொட்டாசியத்தையும் கட்டுப்படுத்தும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார்கள். ஸ்கேனை மட்டும் நம்பாமல், இருபக்கச் சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒப்பிட்ட பிறகே அந்தச் சுரப்பியை அகற்ற நாள் குறித்தார்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் படிவங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் அறிந்த கதைதான்.

இளவயதில் குடல்வால் வெடித்து எனக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உள்ளே குடல் ஒட்டிக் கிடக்கலாம், அதனால் முதுகு வழியாகப் போவோம் என்றார் மருத்துவர். சுரப்பி வயிற்று உறைக்குப் பின்னால்தான் இருக்கிறதாம். 1990களில் ஜெர்மனியின் எஸன் நகரிலிருந்து அறுவை மருத்துவர் மார்ட்டின் வால்ஸ் பரவச் செய்த முறை இது. நோயாளியைக் குப்புறக் கிடத்தி, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, வயிற்றை அழுத்தாமல் தொங்கவிடுகிறார்கள். 12ஆவது விலா எலும்பின் நுனிக்குக் கீழே முதல் துளை. அங்கே கருவி நுழையக் காலி இடம் கிடையாது. விரலால் விலக்கி, வாயுவால் உண்டாக்க வேண்டும். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்குக் கரியமில வாயு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் போதும். இதற்கு 20 முதல் 25 வரை செலுத்துகிறார்கள். (1992இல் பம்பாய் மருத்துவர் கவுர், கையுறையைக் குழாயில் கட்டி ஊதியே இந்த இடத்தை விரித்துக் காட்டியவர். எனக்கு மிகப் பிடித்த தகவல் இதுதான்.)

என்னைக் கேட்டால், கத்தியைவிடப் படுக்கவைக்கும் விதத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். மயக்க மருத்துவர் கழுத்தைத் திருப்பச் சொன்னார். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். வலது தோள் பாதியில் நின்றுவிட்டது. மயங்கிக் கிடப்பவனுக்கு வலியைச் சொல்ல வாய் ஏது? அந்தக் கையை உடலோடு ஒட்டி வைப்பதாகக் குறித்துக்கொண்டார்.

விழித்தபோது முகம் வீங்கியிருந்தது. "குப்புறப் படுத்திருந்தீர்கள் அல்லவா அங்கிள், நாளைக்குள் வடிந்துவிடும்" என்றார் தாதி. விலாப்பக்கத் தோலை அழுத்தினால் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம்: தோலுக்கடியில் தங்கிய வாயு. அதுவும் தானாகக் கரைந்தது. தோள் வலிக்கவே இல்லை. பொட்டாசியம் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று மட்டும் தொடர்கிறது.