மொரட்டுவையில் கடைந்து கேப் கொட்டில் எறிவது

ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கு மரத்தில் லூர், அதாவது இரைபோல நீந்தி மீனை ஏமாற்றும் செயற்கைத் தூண்டில், செய்ய எந்த மரம் நல்லது என்று அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கேட்டால், பலரும் அலாஸ்கா மஞ்சள் சீடர் என்பார்கள். கொழும்பில் அதை எங்கே தேடுவது? நான் டூனா மரத்தில் செய்கிறேன். மொரட்டுவையில் அலுமாரியும் கதவுச் சட்டமும் செய்கிற பட்டறைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகளாகவே கிடைக்கும். சிவந்த மரம், வெட்டும்போது நல்ல வாசம் வரும், கையில் பாரமே தெரியாது. அதே அளவு தண்ணீரின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். மஞ்சள் சீடரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த ஒற்றுமைதான் எனக்கு வழி திறந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். பின்பக்கத்து பல்கனிதான் என் பட்டறை. என் அக்காவின் கணவர் மசசூசெற்ஸில், பொஸ்டனுக்குத் தெற்கே இருக்கிறார். மே மாதம் தொடங்கினால் கிழமை தவறாமல் கேப் கொட் கால்வாயில் நிற்பார். ஊருக்கு வந்துபோகும் ஒவ்வொரு முறையும் நான் செய்த லூர்களைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோவார். அங்கே எறிந்து பார்த்துவிட்டு ஃபோனில் வீடியோ அனுப்புவார். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு ஒரு மீனுக்காக மரம் கடைவது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்ட்ரைப்ட் பாஸை, சுருக்கமாக ஸ்ட்ரைப்பரை, நம்மவர்களுக்குச் சொல்வதென்றால், முதலில் கொடுவாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் வாழக்கூடியவை. ஆனால் கொடுவா முட்டையிட ஆற்றிலிருந்து கடல் பக்கம் இறங்கும். ஸ்ட்ரைப்பர் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும். செசபீக் வளைகுடாவில் விழும் ஆறுகளும் நியூயோர்க்கின் ஹட்சன் ஆறும் அதன் பிறந்த வீடுகள். இளவேனிலில் முட்டையிட்டுவிட்டு, வெள்ளிப் பக்கங்களில் கரிய கோடுகளோடு கரையோரமாக வடக்கே போகும். குளிர் தொடங்க மறுபடி தெற்கே இறங்கும். போகிற வழியில் மென்ஹேடன், ஹெரிங், கானாங்கெளுத்தி, மணல் விலாங்கு என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். லூர் அந்த இரைகளில் ஒன்றைப்போல நடக்க வேண்டும். நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பார்க்க அப்படி இருந்தால் போதாது.

1914 இல் திறந்த கேப் கொட் கால்வாய் இரண்டு விரிகுடாக்களை இணைக்கிறது. இரு பக்கமும் கடல் ஏறி இறங்கும் நேரமும் அளவும் வேறு வேறு. அதனால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும், உச்சத்தில் 4 நொட்டையும் (மணிக்கு 4 கடல் மைல்) தாண்டும். நம்முடைய கொழும்புக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. ஆகவே பொல்கொடை ஏரியில் அழகாக ஓடுகிற லூர் அங்கே என்ன செய்யும் என்று ஏரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அத்தான் ஒருமுறை ஃபோனில் சொன்னார், "தம்பி, உம்மட லூர் வடிவாய்த்தான் நீந்துது. ஆனா இஞ்ச ஓட்டம் கடும். வால் இன்னும் கொஞ்சம் பாரமாய் இருக்கோணும், அப்பதான் நடுக்கால்வாய்க்குப் போகும்." அதற்குப் பிறகு பாணந்துறை முகத்துவாரத்துக்குப் போய், மழைக்குப் பின் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் பாயும் நேரத்தில் எறிந்து பார்க்கிறேன். கால்வாயின் வேகம் அங்கே வராதுதான், ஆனாலும் ஏரியைவிட எவ்வளவோ மேல்.

வேலை கட்டையை எடை போடுவதில் தொடங்குகிறது. ஒன்றரை அங்குலச் சதுரம், 7 அங்குல நீளம் என்று வெட்டிய துண்டுகளைச் சமையலறைத் தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் முனையில் எழுதுவேன். ஒரே பலகையில் வெட்டிய இரண்டு துண்டுகளுக்கிடையிலேயே 10, 15 கிராம் வித்தியாசம் வரும். ஒவ்வொன்றும் எந்த லூர் ஆகும் என்பது அதற்குப் பிறகுதான். இலேசானவை, மூக்கில் ஓர் உலோகத் தகடு உதடுபோல நீட்டிக்கொண்டு தண்ணீர் மேலே நீந்துகிற உலோக உதட்டு லூர்களுக்குப் போகும். பாரமானவை, தண்ணீரை அடித்துக்கொண்டு வரும் உதடில்லாத பென்சில் பொப்பருக்கு. அதைவிடப் பாரம் வேண்டுமென்றால் மகோகனி எடுப்பேன். தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் இந்த ஆளுக்கு, இந்தத் தண்ணீருக்கு என்று செய்துகொடுக்கவும் அந்த அச்சால் முடியாது. நான் மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே துளையெல்லாம் போட்டு முடித்துவிட வேண்டும். நீளவாட்டில் ஊடுருவும் துளையை இரண்டு முனையிலிருந்தும் போட்டு நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் துளைப்பான் விலகும். வயிற்றுத் துளையும் உதட்டுக்கான வெட்டும் அப்போதே. உருண்டையாகக் கடைந்த பிறகு நடுக்கோடு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபிளாட்டில் லேத் வைத்தால் கீழ் வீட்டுக்காரர்கள் பாவம். அதனால் கடைசல் மட்டும் மொரட்டுவையில். அங்கே கட்டில் கால்களும் படிக்கட்டுத் தூண்களும் கடைகிற ஒருவர், நான் வரைந்து கொடுக்கும் அட்டை அச்சை ஒரு தடவை பார்த்துவிட்டு, உளியை வைத்து எடுப்பார். மூக்குக்குக் கீழே வயிறு திரும்புகிற அந்த வளைவை அவர் ஒரே இழுப்பில் கொண்டுவருவதைப் பார்க்க வேண்டும்.

ஊடுருவும் துளை எதற்கு? மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி போவதற்கு. பழைய சோனகத் தெருவில் வாங்கிய 1.6 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பி. வயிற்றில் தொங்கும் தூண்டில் முள்ளைத் தாங்கும் சுவிவலின் (சுழலும் இணைப்பு) ஒரு கண்ணுக்குள்ளாலும் அதே கம்பி போகும். பெரிய மீன் தலையை உதறி மரத்தைப் பிளந்தாலும், முள்ளும் கம்பியும் நூலும் ஒன்றாகவே இருக்கும். திருகாணிக் கண்களை மட்டும் நம்பினால் மரத்தோடு மீனும் போய்விடும். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்தில் அந்தக் கரையில் லூர் செய்தவர்கள் இவற்றையெல்லாம் தண்ணீரில் நின்று கண்டுபிடித்தார்கள். கால்வாய்க் கரையில் வாழ்ந்த ஸ்டான் கிப்ஸின் பெயரோடுதான் பென்சில் பொப்பரைச் சேர்த்துச் சொல்வார்கள். நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் டேனி பிக்னி கடைந்த உலோக உதட்டு லூர் இன்றும் அவர் பெயரிலேயே டேனி என்று வழங்குகிறது. அட்டம் என்ற லூரைச் செய்த பொப் பொண்ட், பிற்காலத்தில் லூரைவிட மீனைக் காப்பாற்றுவதற்கே அதிகம் உழைத்தார்.

இப்போது ஈயம். என்னைக் கேட்டால் லூரின் உயிர் இதில்தான் இருக்கிறது. டேனி மாதிரியில் ஈயம் வயிற்று முள்ளுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். முன்னே அதிகம் போனால் மூக்கைப் புதைக்கும். பின்னே போனால் ஆட்டம் செத்துவிடும். பென்சில் பொப்பரில் வாலில். எறியும்போது வால் முந்திப் பறந்து தூரம் போகும், தண்ணீரில் விழுந்ததும் மூக்கு மேலே நிற்கும், தூண்டில் றொட்டை ஆட்ட ஆட்ட இரண்டு பக்கமும் தண்ணீரை அடித்துக்கொண்டு வரும். சரியான இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க நான் மெனக்கெடுவதில்லை. முள், கம்பி, உதடு எல்லாவற்றையும் மாட்டி, வலைக் கடையில் வாங்கிய ஈயக் குண்டுகளை ரப்பர் பட்டியால் வெளியே கட்டி, வாளியில் கடல் தண்ணீர் நிரப்பி மிதக்க விடுவேன். நகர்த்தி நகர்த்தி, முதுகு மட்டும் வெளியே தெரிய நேராக மிதக்கிற இடம் வந்ததும் பென்சிலால் குறித்து, அங்கே துளைபோட்டு ஈயத்தை இறக்கி எபொக்சிப் பசையால் மூடுவேன். வீட்டுக்குள் ஈயம் உருக்குவதில்லை, அந்தப் புகை யாருக்கும் நல்லதல்ல.

லூரின் ஓட்டத்தைத் திருத்த வேறொரு வழியும் உண்டு. மூக்கில் நூல் கட்டும் கம்பிக் கண்ணைக் குறட்டால் லேசாக மேலே வளைத்தால் லூர் ஆழம் இறங்கும், கீழே வளைத்தால் மேலே வரும். ஒரு பக்கமாக ஓடினால் கண்ணை எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். இது மீன்பிடிக்கிற இடத்திலேயே, கல்லில் நின்றபடி அத்தான் செய்கிற வேலை. நான் சமநிலையைக் கொடுக்கிறேன், கடைசித் திருத்தம் அவருடையது.

மரத்துக்குத் தண்ணீர் எதிரி. கடைந்த கட்டையை, கடையில் 'போயில்ட்' என்று விற்கும் லின்சீட் ஒயிலும் டர்பன்டைனும் கலந்த கலவையில் ஓர் இரவு ஊறவைத்து, எடுத்துத் தொங்கவிட வேண்டும். அதில் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் எண்ணெய் காய நாட்கள் இழுக்கும். எபொக்சியும் ஈரத்தில் மேலே பிசுபிசுவென்று படலம் கட்டும். அதனால் பூச்சு வேலை முழுவதையும் ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்கிறேன். மே மாதம் இங்கே தென்மேற்குக் கச்சான் காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளித்து, கல்லில் நிற்க முடியாமல் போகும்போது, அங்கே கால்வாயில் மீன் வந்திருக்கும். இரண்டு ஊரின் பருவமும் இப்படிப் பொருந்திவருவது எனக்கு வசதி.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பஞ்சிகாவத்தையில் கார்களுக்கு அடிக்கிற பெயின்ட்தான். பகலுக்கு வெள்ளையும் மஞ்சளும், இரவுக்குக் கறுப்பு. இருட்டில் கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு உருவத்தின் நிழல்தான் தெரியும்.

முள்ளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1970களின் கடைசியிலும் 80களிலும் ஸ்ட்ரைப்பர் மிக மோசமாகக் குறைந்தது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிக்கவே தடை போட்டது. மீண்டது, மறுபடி சரிந்தது. இப்போது அந்தக் கரையில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர் கடலில் ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைத்திருக்கலாம், அதுவும் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. 2023 இல் வந்த கட்டுப்பாடு இது. பெரியவற்றில் அநேகம் முட்டையிடும் பெண் மீன்கள், அவற்றை விட்டுவிட வேண்டும். எனவே லூர் பிடித்தால் மட்டும் போதாது, மீனைக் காயமின்றி விடவும் வேண்டும். நான் வாலில் மும்முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுகிறேன், நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். அங்கே அந்த ஒற்றை முள்ளில் மான்வால் மயிர் கட்டுவார்கள். இங்கே நான் வெள்ளைக் கோழியிறகு கட்டுகிறேன். முள் மாறினால் எடையும் மாறும், ஆகவே மறுபடி வாளி, மறுபடி ரப்பர் பட்டி. இதில் சலிப்பு ஒன்றும் இல்லை. மீனைத் திருப்பி விடுவதற்கும் சேர்த்து எடை பார்த்த லூரைத்தான் நான் நல்ல லூர் என்பேன்.

இதே பென்சில் பொப்பரை நான் வெள்ளவத்தைக் கற்களிலும் முகத்துவாரம் பக்கமும் எறிகிறேன். பாரைக்கு இது பிடிக்கும். ஆனால் பாரை அடிக்கிற விதம் வேறு. ஸ்ட்ரைப்பர் பின்னால் சுருள் எழுப்பி வந்து விழுங்குவதை அத்தானின் வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். பாரை பக்கத்திலிருந்து இடிக்கும், முள்ளை மாட்டும் வளையங்களை இழுத்து நீட்டிவிடும். அதனால் இங்கத்தைய லூருக்குக் கம்பியும் வளையமும் ஓர் அளவு கூட்டி, அந்தப் பாரத்துக்கு ஈடாக ஈயத்தைக் குறைக்கிறேன். நீரோட்டம் குறைவு, காற்றும் அவ்வளவு இல்லை, தூரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கொழும்பில் யாராவது தொடங்க விரும்பினால் பென்சில் பொப்பரில் தொடங்குங்கள். உதடு இல்லை, வெட்டு இல்லை, ஈயம் ஒரே இடத்தில். மொரட்டுவையில் கேட்டால் டூனாத் துண்டுகளை அநேகமாகச் சும்மாவே தருவார்கள். முடிச்சு இல்லாத, நேரான ரேகை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அத்தான் அடுத்த முறைக்கு மணல் விலாங்கு மாதிரி ஒல்லியான நீடில்ஃபிஷ் என்ற லூர் கேட்டிருக்கிறார். அது மெதுவாக மூழ்க வேண்டும், அதனால் மகோகனி. கட்டைகளை எடை போட்டு எழுதியாயிற்று. இனித் துளை போட வேண்டும்.